அருவியும் அணையும்: மலைநாட்டுச் சூழற் பாதுகாப்பு வாதத்தின் நோக்கமும் விளைவும்

ஹற்றனிலிருந்து தலவாக்கலை நோக்கிச் செல்லும் பெருவழியில் நின்று நோக்குவார்க்கு, தேயிலைச் சரிவுகளின் நடுவே சென்கிளையர் நீர்வீழ்ச்சி அகன்று விரிந்து வீழும் காட்சி தோன்றும். அந்நீர்வீழ்ச்சிக்கு நீர் தரும் கொத்மலை ஓயா மலையிறங்கி மகாவலியோடு கலந்து, கம்பளையையும் பேராதனையையும் தழுவி, கண்டி நகரை வளைத்துக்கொண்டு செல்கின்றது. ஆதலின் தலவாக்கலையில் ஆறு மறிக்கப்படுகின்றது எனின் அது கண்டியாருக்கு அயலூர்ச் செய்தியன்று. 1990களின் நடுப்பகுதி தொடங்கி 2012 வரை, ஒரு தலைமுறைக்குச் சற்றே குறைந்த காலம், அவ்வாற்றை மறிக்கலாமா கூடாதா என்ற வழக்கு இந்நாட்டில் நடந்தது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் பற்றிய அவ்வழக்கு, பொருளாதார வளர்ச்சிக்கும் சூழற் பாதுகாப்புக்கும் இடையே எழும் முரணை ஆராயப் புகுவார்க்கு இலங்கையிற் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

இத்தகைய வழக்குகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். ஒரு சாரார்க்குச் சூழலியலார் யாவரும் நாட்டின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்போர். தாம் மின்விளக்கின் கீழிருந்து படித்துவிட்டு அவ்விளக்கைப் பிறருக்கு மறுப்போர். மற்றொரு சாரார்க்கு அவர்கள் தன்னலம் துறந்த முனிவர். அவர்களை எதிர்ப்போரோ காட்டை விற்றுக் காசாக்கும் வணிகர். இவ்விரு சித்திரங்களும் சோம்பலிற் பிறந்தவை. எதிர்ப்பின் நோக்கம் ஒன்றே என்று முன்கூட்டியே முடிவுகட்டிக்கொள்வதால் நேர்ந்த பிழை இது. 'சுற்றாடல்' என்ற ஒரே சொல்லின் நிழலில் ஒன்றோடொன்று இயைபில்லாத பல நோக்கங்கள் ஒதுங்கி நிற்பதுண்டு. அவற்றைப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றின் விலையையும் யார் செலுத்தினர் என்று வினவினாலன்றி நடுநிலையான மதிப்பீடு கிட்டாது.

மலைநாட்டிற் காட்டுக்காக எழுந்த பழைய குரல்களை நோக்கின் இது விளங்கும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிராத நிலம் ஆகியவற்றை, மாறாக நிறுவப்பட்டாலன்றி, முடிக்குரியவை என்று கொண்டது. கண்டிச் சீமையின் மலைக்காடுகள் அதன் பின்னர் விரைவாகக் கோப்பித் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் அத்தோட்டங்கள் எழுந்தன. இலாபம் சென்ற இடம் இலண்டன். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பற்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அதனை அழித்தது. அதற்குள் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட 19 ஏக்கர் தேயிலை வேரூன்றிவிட்டமையால், அழிந்த காடு மீளவில்லை.

இந்நிலையிலே 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை அழியாது விடுமாறு பிரித்தானிய அரசுக்கு அறிவுறுத்தினார். அதன்படி தடையும் பிறந்தது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடும் இன்று எஞ்சியிருப்பதற்கு அத்தடை ஒரு முதற் காரணம். அவர் நோக்கம் யாது? உச்சிக் காடு போயின் ஊற்று வற்றும், தட்பவெப்பம் கெடும் என்ற கவலை. அக்கவலை மெய்யானது. ஆயினும் ஊற்று வற்றினால் முதலில் வாடுவது தோட்டமே என்பதும் மறக்கற்பாலதன்று. வளர்ச்சியின் வேரைக் காப்பதற்காகவே வளர்ச்சிக்கு எல்லை வகுக்கப்பட்டது. அதே காலத்து அரச உத்தியோகத்தர் பலர், காடழிவுக்குக் காரணம் சேனைப் பயிர் செய்யும் சிங்களக் குடியானவனே என்று ஓயாது குற்றஞ் சாட்டி வந்தமை நகைப்புக்குரியது. மலைமுழுதும் மொட்டையடித்த தோட்டம் நாகரிகம். குரக்கன் விதைக்க ஓரேக்கர் எரித்தவன் காட்டின் எதிரி! சூழற் குற்றத்தைச் சிறியவன் தலையிற் சுமத்தும் இவ்வழக்கம் அன்று தோன்றி இன்றும் நம்மிடையே வாழ்கின்றது.

இதனினும் வேறான நோக்கமொன்றை ஆனந்த குமாரசுவாமியிடம் காணலாம். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்தவர் அவர். தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்த விஞ்ஞானியும் அவரே. பூமிக்கடியிற் செல்வம் தேடவென நியமிக்கப்பட்டவர், ஊரூராய்ச் சென்ற வழியிற் கண்டிச் சீமையின் கொல்லரையும் தச்சரையும் நெசவாளரையும் கண்டு மனமாறினார். 1908இல் வெளிவந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அம்மனமாற்றத்தின் விளைவு. இயந்திர உற்பத்தியும் வணிகமும் நுழைந்தமையால் ஒரு வாழ்க்கை முறையே அழிகின்றது என்பது அவர் முறையீடு. மலையையோ அருவியையோ காக்க அவர் எழுதவில்லை. மனிதனுக்கும் அவன் செய்தொழிலுக்கும் இருந்த உறவைக் காக்க எழுதினார். பிற்காலத்து வளர்ச்சி எதிர்ப்பாளர் பலர் அவர்வழி வந்தவராகத் தம்மைக் கருதுவதுண்டு. ஆயினும் அவர் புகழ்ந்த சமுதாயத்தில் ஒவ்வொருவனுடைய தொழிலும் அவன் பிறப்பாலே விதிக்கப்பட்டிருந்தது என்பதை அவர் போதிய அளவு எடைபோடவில்லை. பழைய ஒழுங்கைப் புகழ்வோர், அவ்வொழுங்கின் அடிப்படியில் நின்றவனை உசாவிப் பார்ப்பதில்லை.

இனி மேல் கொத்மலைக்கு வருவோம். 1965–68 காலத்தில் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் உதவியோடு வகுக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டம் 1977இன் பின்னர் துரிதப்படுத்தப்பட்டது. 210 மெகாவாற் வலுவுள்ள விக்ரோறியாவும் 201 மெகாவாற் வலுவுள்ள கொத்மலையும் 1985இல் எழுந்தன. கண்டிக்குக் கிழக்கே பழைய தெல்தெனியா நகரம் நீருள் மூழ்கியது. நீர் மிகத் தாழும் வறட்சிக் காலங்களில் அதன் இடிபாடுகள் இன்றும் வெளியே தலைகாட்டும். கொத்மலைப் பள்ளத்தாக்கின் வயலும் விகாரையும் அவ்வாறே மறைந்தன. அக்காலத்திற் சூழற் பாதுகாப்பின் பெயரால் ஒரு திட்டத்தை நிறுத்திவைக்கத்தக்க சட்ட வழி எதுவும் இருக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையை அமைத்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தமே பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடற் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அறிக்கையை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, அவர் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்ற விதியும் அதனோடு வந்தது. ஆகவே தெல்தெனியாவில் ஏன் எதிர்ப்பு எழவில்லை, தலவாக்கலையில் ஏன் எழுந்தது என்று வினவுவோர், மக்கள் மனம் மாறியதைப் போலவே சட்டமும் மாறியதை எண்ணுதல் வேண்டும். கேட்க ஒரு செவி அமைக்கப்பட்ட பின்னரே வாய் திறக்கின்றது.

1994இல் இலங்கை மின்சார சபை மேல் கொத்மலைக்கான மதிப்பீட்டு அறிக்கையைச் சமர்ப்பித்தது. தலவாக்கலையில் அணை, அங்கிருந்து மலையைக் குடைந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர்ச் சுரங்கவழி, கீழே நியங்கம்தொரையில் நிலத்தடி மின்நிலையம். முதற்றிட்டத்தின்படி கொத்மலை ஓயாவோடு துணையாறுகள் சிலவும் சுரங்கத்துக்குத் திருப்பப்படவிருந்தன. சென்கிளையர், டெவோன், றம்பொடை முதலாய ஐந்து நீர்வீழ்ச்சிகள் நீரிழக்கும் என்பது வெளியானதும் எதிர்ப்பு மூண்டது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்தது. மேன்முறையீடு, மறு பரிசீலனை, வழக்கு என்று ஆண்டுகள் கழிந்தன. 1998இல் நிபந்தனைகளுடன் அனுமதி வந்தது. யப்பானியக் கடன் 2002இல் ஒப்பமானது. 150 மெகாவாற் நிலையம் 2012இலேயே இயங்கத் தொடங்கியது.

இவ்வெதிர்ப்பில் ஒலித்த குரல்களைச் செவிமடுத்துப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது அருவியின் அழகைப் பேசியது. அது பெரும்பாலும் கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்த கல்வியாளரின் குரல்; ஆங்கிலப் பத்திரிகைகளில் ஓங்கி ஒலித்தது. அதனை வெறும் சுற்றுலா மனப்பான்மை என்று தள்ளிவிடுவது பொருந்தாது. ஒரு நாட்டின் மலையும் நீரும் யாருக்கும் விற்கப்படாத பொதுச் சொத்து. அதன் மதிப்பை மின் அலகுக் கணக்கில் அடக்கவியலாது என்பது வலுவான வாதமே. ஆயினும் அவ்வருவியின் கரையில் லயன்களில் வாழ்ந்தோரிற் பலர் அக்காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கிலேயே பிள்ளைகளைப் படிப்பித்தனர். அருவிக்காக எழுதப்பட்ட கட்டுரைகளில் அவ்விளக்கைத் தேடினால் அரிதாகவே அகப்படும்.

இரண்டாவது குரல் அந்த லயன்களிலிருந்து வந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் மலையக மக்கள் முன்னணியும் திட்டத்தை எதிர்த்தபோது, அருவியின் அழகு அவர் பேச்சின் மையமாயிருக்கவில்லை. நிலம் சரியும், வீடு வெடிக்கும், ஒரே இடத்திற் செறிந்து வாழும் மக்கள் சிதறடிக்கப்படுவர் — இவையே அவர்தம் அச்சம். அதன் வேர் மண்ணியல் அறிக்கைகளினும் ஆழமானது. 1948இற் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட சமுதாயம் அது. இடம்பெயர்த்தல் என்ற சொல் அச்சமுதாயத்தின் செவியில், பொறியியலாளன் செவியிற் கேட்பது போலக் கேட்பதில்லை. அரசியல்வாதிகள் அவ்வச்சத்தை வாக்காக மாற்றினர் என்பதும் உண்மை; அரசோடு இணங்கிய காலத்தில் அவர்தம் குரல் தணிந்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆயினும் தலைவர் தணிந்தமையால் மக்களின் அச்சம் பொய்யாகிவிடாது.

இவ்விரு குரல்களும் ஒரே மேடையில் ஒலித்தன. 'சுற்றாடலைக் காப்போம்' என்ற ஒரே பதாகையைத் தூக்கின. வேண்டியதோ வெவ்வேறு. ஒருவருக்கு அருவி அப்படியே இருத்தல் வேண்டும். மற்றவருக்குத் தம் கூரை விழாதிருத்தல் வேண்டும். எதிர்ப்பு ஓரளவு வென்றபோது யாருக்கு எது கிடைத்தது என்பதை நோக்கினால் இவ்வேறுபாடு வெளிப்படும்.

அழகைப் பேசியோர்க்குக் கிடைத்தது கணிசமானது. துணையாறுகளைத் திருப்பும் பகுதி கைவிடப்பட்டது. ஐந்து நீர்வீழ்ச்சிகளிற் சென்கிளையர் ஒன்றே பாதிப்புக்கு உட்பட்டது. அதற்கும் பகற்பொழுதில் குறித்த அளவு நீர் விடப்படல் வேண்டும் என்று நிபந்தனை வைக்கப்பட்டது. எதிர்பார்த்த மின் உற்பத்தி இதனாற் குறைந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி அலகென நின்றது. இடையிற் கழிந்த காலத்தின் விலை யாது? 1996இலும் 2001இலும் நாடு நெடுநேர மின்வெட்டை அனுபவித்தபோது, பழி சூழலியலார் மீது சுமத்தப்பட்டது. இப்பழி முழுதும் நேர்மையானதன்று. மேல் கொத்மலையின் குளம் சிறியது. ஆற்றின் ஓட்டத்தை நம்பியே அது இயங்குகின்றது. வறட்சியில் மற்றைய நீர்நிலைகள் வற்றியபோது அது மட்டும் நாட்டைக் காத்திருக்கும் என்பது எளிய கணக்குக்கும் ஒவ்வாது. ஆனால் மழை பெய்த ஆண்டுகளின் கணக்கு வேறு. அந்த 40 கோடி அலகை எண்ணெய் எரித்துப் பெறின், அலகொன்றுக்குக் கால் லீற்றருக்குச் சற்றுக் குறைய என்று கொண்டாலும், ஆண்டுக்கு ஒன்பது பத்துக் கோடி லீற்றர் எரிபொருள் வேண்டும். அருவியைக் காத்த ஒவ்வோராண்டும் அத்துணை எண்ணெய்க்கு ஈடான புகை வேறோரிடத்து வானிற் கலந்தது. பின்னர் நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி நிலையமும் எழுந்தது. மலையில் வென்ற சூழல் கடற்கரையிலே தோற்றது எனலாம். அங்கு எதிர்த்த புத்தளக் கரையோரத்து மக்களின் குரல், கொழும்புப் பத்திரிகைகளில் அருவி பெற்ற இடத்தைப் பெறவில்லை.

கூரையைப் பற்றிக் கவன்றோர்க்குக் கிடைத்தது என்ன? ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்க்குப் புது வீடுகள் கட்டப்பட்டன. இங்கு காலத்தாழ்ப்பின் பயன் ஒன்று மறைந்து கிடக்கின்றது. தோட்ட லயன் தொழிலாளியின் சொத்தன்று. காணியுறுதி இல்லாதவனுக்குப் பழைய காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோருவதற்கு வழி மிகக் குறைவு. உறுதியில்லாதோரையும் உள்ளடக்கும் கட்டாய மீள்குடியேற்றத் தேசியக் கொள்கை 2001இலேயே வகுக்கப்பட்டது. மின்சார சபை வேண்டியவாறு 1990களின் நடுவிலே அணை எழுந்திருப்பின், அக்குடும்பங்கள் எந்நிலையில் வெளியேற்றப்பட்டிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. அருவிக்காக வாதாடியவர்கள் தேடாத விளைவு இது. ஆயினும் அவர்கள் தடுத்து நிறுத்திய ஆண்டுகள் இல்லையேல் அது கிடைத்திராது. நோக்கமும் விளைவும் ஒன்றையொன்று பின்தொடர்வதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

கேரளத்துப் பாலக்காட்டு மலைகளில், சைலன்ற் வலி எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது இதனோடு ஒப்பிடத்தக்கது. குந்திப்புழையை மறித்து நீர்மின் பெற வகுத்த திட்டத்தை ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் கவிஞர்களும் எதிர்த்தனர். 1983இல் அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் விஞ்ஞான இயக்கம், காட்டின் அருமையை எடுத்துரைத்ததோடு நில்லாது, மலபாருக்கு மின்சாரம் வேறெவ்வாறு தரலாம் என்ற கணக்கையும் தாய்மொழியில் எழுதி மக்கள் முன் வைத்தது. மேல் கொத்மலை எதிர்ப்பிற் குறைந்தது இதுவே. மறுப்புக்கு ஆள் இருந்தனர். மாற்றுக் கணக்கைத் தமிழிலோ சிங்களத்திலோ தோட்டத்து வாசிகசாலைவரை கொண்டுசென்றோர் மிகச் சிலர்.

மலைகுடைதல் பற்றிய அச்சம் பாமரரின் வீண் அச்சம் என்றுரைத்தோர் பலர். அவர்க்கு ஊவா விடை தந்தது. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் 2014 திசம்பரில் நிலத்தடி நீர் பீறிட்டது, பண்டாரவளைச் சுற்றுப்புறத்திற் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அதே ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயன்கள் புதைந்தன. பின்னையது சுரங்கத்தால் நேர்ந்ததன்று, பெருமழையால் நேர்ந்தது. ஆயினும் காடழிந்த சரிவின் மீது வாழ்வோர் எத்துணை மெல்லிய தரையில் நிற்கின்றனர் என்பதை அது காட்டியது. உமா ஓயாவிலும் எதிர்ப்பு முன்னரே எழுந்திருந்தது, அது செவிசாய்க்கப்படவில்லை. 2024இல் 120 மெகாவாற் நிலையம் திறக்கப்பட்டபோது, திட்டத்தின் செலவோடு வற்றிய கிணறுகளின் செலவும் சேர்த்தே எண்ணப்பட்டிருத்தல் வேண்டும்.

இதுவரை நோக்கியவை கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ எழுந்த எதிர்ப்புகள். சூழற் பாதுகாப்பு, ஆட்சியின் கையிற் கட்டளையாக மாறும்போது நிகழ்வது வேறு. கண்டிக்கு வடகிழக்கே தும்பறைப் பகுதியில் எழும் நக்கிள்ஸ் மலைத்தொடர் இதற்குச் சான்று. அம்மலைக் காட்டின் நிழலில் ஏலம் பயிரிடுவது நெடுநாளைய வழக்கம். அரசே அதற்குக் குத்தகை கொடுத்தும் வந்தது. பெருமரங்களை விட்டுக் கீழ்ச்செடிகளை வெட்டியே ஏலம் நடுவர். காயை உலர்த்தும் சூளைக்கு விறகும் அக்காட்டிலிருந்தே வரும். மேலே பசுமை குறையாதிருப்பினும், கீழே இளங்கன்று முளைக்க வழியில்லை. முதுமரம் வீழ்ந்தால் அவ்விடத்தை நிரப்ப மரமில்லை. வனத்துறையார் கூறிய இவ்விளக்கம் பிழையன்று. 1985இல் 3,500 அடிக்கு மேற்பட்ட ஏலச் செய்கையை விலக்க முடிவாயிற்று; 2000இற் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது; 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. 31,305 ஹெக்டேர் காடு இவ்வாறு காக்கப்பட்டது. மகாவலிக்கு நீரூட்டும் காடு அது. விக்ரோறியாவின் சுழலிகளும் அதற்குக் கடன்பட்டவையே.

ஆயின் மீமுரே முதலாய மலைக்கிராமங்களில் காசு தரும் பயிர் ஏலம் ஒன்றே. வயல் உண்பதற்கு, ஏலம் உடைக்கும் புத்தகத்துக்கும் மருந்துக்கும். தடை வந்தது, அதற்கீடான பிழைப்பு உடன் வரவில்லை. இளைஞர் ஊரை விட்டகன்றனர். எஞ்சியோரிற் சிலர் இரவிலே களவாக ஏலம் பறிக்கலாயினர். நேற்றுவரை குத்தகைக்காரன், இன்று தன் தந்தை நட்ட செடியைப் பறிக்கும் திருடன். மேல் கொத்மலையில் மின்சார சபைக்கு எதிராக வாதாடுவதற்கு 30 நாட்களும் நீதிமன்றமும் இருந்தன. நக்கிள்ஸ் கிராமவாசிக்குக் காட்டின் நன்மைக்கு எதிராக வாதாட எந்த மன்று இருந்தது? வளர்ச்சிக்கு ஒரு தாக்க மதிப்பீடு வேண்டும் என்று சட்டம் விதித்தது. பாதுகாப்புக்கும் அத்தகைய மதிப்பீடு வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. இக்குறையைச் சுட்டுவதால் காட்டைத் திரும்பத் திறந்துவிடல் வேண்டும் என்பது பொருளன்று. உலகத்துக்குப் பயன்படும் ஒன்றுக்காக ஓர் ஊர் தன் வருவாயை இழக்குமாயின், அவ்விழப்பை உலகம் பகிர்தல் வேண்டும் என்பதே வாதம். உல்லாசப் பிரயாணிகள் இன்று மீமுரேக்கு வருகின்றனர். சிலருக்குத் தங்குமிட வருவாய் உண்டு. ஏலத் தோட்டம் இழந்தவரும் அறை வாடகைக்கு விடுபவரும் எல்லா இடத்தும் ஒருவரல்லர்.

கட்டளையாக மாறிய சூழற்பற்றின் மிகக் கொடிய விளைவு 2021இல் வந்தது. அவ்வாண்டு மே மாதம் அசேதனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளைக்கு ஒரே பருவத்தில் நாடு முழுதும் மாறவேண்டும் என்றனர். கூறப்பட்ட நோக்கம் உயர்ந்தது: மண்ணின் நலம், குடிநீரின் தூய்மை, வடமத்திய மாகாணத்து விவசாயிகளின் சிறுநீரக நோய். கூறப்படாத நோக்கமும் உண்டு. திறைசேரியில் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது. பேராதனையின் விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தனர், கேட்பாரில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் தீங்கு நிகழ்ந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை விளைச்சல் 2022இல் 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. இவ்வெண்ணைப் பொருளியலார் ஏற்றுமதி வருவாயாக வாசிப்பர். மலையில் அதன் பொருள் வேறு. கொழுந்து நிறையாத நாளில், குறித்த கிலோ கொடுக்காத பெண்ணுக்கு அரைப்பெயர் விழும். உரமில்லாத செடி துளிர்க்காமைக்கு அவள் பொறுப்பல்லள். ஆனால் கூலி அவளுக்கே குறைந்தது. பயிர்நிலத்தை நஞ்சிலிருந்து காக்க எண்ணியவர்கள் அனைவரையும் இதற்குக் குற்றஞ் சாட்டுதல் தகாது. அவர்களிற் பலர் படிப்படியான மாற்றத்தையே வேண்டினர். எனினும் தம் கொள்கை அரசாணையாக வந்தபோது மகிழ்ந்து வரவேற்றோரும், அதன் விளைவு தெரிந்தபின் வாய்மூடிக் கொண்டோரும் அவர்களிடையே இருந்தனர். அச்சூழலியலாரின் மௌனத்தை, அருவிக்காக அவர்கள் எழுப்பிய ஓசையோடு சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

வளர்ச்சிக்கு எல்லையுண்டு என்ற கருத்து 1972இல் உரோமைக் கழகத்தார் வெளியிட்ட அறிக்கையால் உலகெங்கும் பரவியது. அது செல்வ நாடுகளின் வயிறு நிறைந்தபின் எழுந்த ஏப்பம் என்று ஏளனஞ் செய்தோர் அன்றும் இருந்தனர். கண்டிச் சீமையின் வரலாறு அவ்வேளனத்துக்கு முழு இடமளிப்பதில்லை. இங்கு எல்லை மீறப்பட்டதை 1873இலேயே அரசு கண்டுகொண்டது. நகரின் நடுவிலுள்ள உடவத்தைக்கலைக் காடு அரசர் காலத்திற் காக்கப்பட்டு, 1938இல் மீண்டும் சரணாலயமானது. ஆகவே காப்பது மேனாட்டிலிருந்து இறக்குமதியான கருத்தன்று. எதைக் காப்பது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் எவரிடத்து இருந்தது என்பதே ஒவ்வொரு காலத்திலும் வேறுபட்டது: அரசரிடம், துரையிடம், திணைக்களத்திடம், பத்திரிகை வாசிப்பவரிடம். லயனில் இருந்தோரிடம் அது ஒருபோதும் இருந்ததில்லை. மேல் கொத்மலையில் மட்டும், அதுவும் சில ஆண்டுகளுக்கு, அவர்கள் குரல் ஓர் எடையைப் பெற்றது.

தலவாக்கலையில் இன்று அணைக்கு மேலே நீர் தேங்கி நிற்கின்றது. இடம்பெயர்ந்தோரின் வீடுகள் நகரை அடுத்துள்ள சரிவுகளில் உள்ளன. சென்கிளையர் அருவி பகலில் நிபந்தனைப்படி விடப்படும் நீரோடு வீழ்கின்றது. மழை மிகும் காலத்தில் பழைய அகலத்தோடும் வீழ்வதுண்டு. மிகுதி நீர் மலைக்குள்ளாகச் சென்று நியங்கம்தொரையிற் சுழலிகளைச் சுழற்றி, மீண்டும் ஆற்றிற் சேர்ந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தின் வழியாக மகாவலியை அடைகின்றது.